ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

வெள்ளிக்கிழமை மதியம் நம் ஊர்க் குழுவில் வந்த அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குட்டியானை வண்டி நிறைய வீடியோ கேசட். சாக்கில் கட்டியது பாதி, அப்படியே வாரிக் கொட்டியது பாதி. லோக்கல் சேனல் ஆபீசைக் காலி செய்கிறார்கள், இருபது வருஷத்து டேப் எடைக்குப் போகிறது. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. "ஊர்க் குப்பை ஒருவழியா கெளம்பிடுச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

கோபத்தில் எழுதக் கூடாது என்று மூன்று நாள் பேசாமல் இருந்தேன். கோபம் குறையவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். போடுவதற்கு முன்னால் ஊரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்த மூட்டைகளில் என்ன இருந்தது என்று சிரித்தவர்களுக்குத் தெரியுமா? 2004 மார்ச் மகாமகக் கூட்டம் இருந்தது. அதே வருஷம் டிசம்பரில் சுனாமி வந்தபோது நம் ஊரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு அரிசி மூட்டையும் போர்வையும் ஏற்றிக்கொண்டு போன லாரிகள் இருந்தன. தேர், தெப்பம், ஆற்றில் முதல் தண்ணீர் வந்த காலை, பள்ளிக்கூட ஆண்டு விழா, வார்டு தேர்தல், இரவு செய்தி முடிந்து வரும் கண்ணீர் அஞ்சலி. இடித்துக் கட்டுவதற்கு முந்தைய பஸ் ஸ்டாண்டும் அதன் வாசல் புளியமரமும் ஓடுகிற படமாக வேறு எங்கே இருக்கிறது? பெரிய சேனல்கள் நம் ஊருக்கு வந்தது அமைச்சர் வந்த அன்றைக்கும் பஸ் கவிழ்ந்த அன்றைக்கும்தான். மற்ற நாளெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் இந்தப் பையன்கள்தான். அவர்கள் உழைப்பைக் குப்பை என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

"எல்லாம் யூட்யூபில் இருக்கிறதே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, யூட்யூப் வந்ததே 2005இல். அதற்கு முந்தியது எதுவாக இருந்தாலும், யாரோ ஒருவர் கேசட்டை டெக்கில் போட்டு, முழு நேரமும் ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் அங்கே இருக்கும். நம் ஊருக்கு அந்த வேலையை யார் செய்தது? யாரும் செய்யவில்லை. இனி நினைத்தாலும் முடியாது.

அமெரிக்காவில் ரிக் பிரெலிங்கர் என்று ஒருவர். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பழைய படச் சுருள்களைச் சேர்க்க ஆரம்பித்தார். வகுப்பில் போட்டுக் காட்டிய பாடப் படம், தொழிற்சாலைப் பயிற்சிப் படம், விளம்பரம், குடும்பங்கள் வீட்டில் எடுத்த படம் என்று எதையும் விடவில்லை. வீடியோ வந்ததும் இனி வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட சுருள்கள் இவை. 2002இல் அவரிடமிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போனவை மட்டும் சுமார் 60,000 படங்கள். ஆயிரக்கணக்கானவை இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, இப்போதே இறக்கிப் பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவின் பழைய தெருக்களைத் தொகுத்து 2006 முதல் திரையிட்டும் வருகிறார். பெரும்பாலும் ஊமைப் படங்கள்தான். அரங்கில் இருக்கிறவர்கள்தான் எந்தத் தெரு, எந்தக் கடை என்று உரக்கச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்களை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து அந்தப் பழைய பஸ் ஸ்டாண்டைப் போட்டுக் காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்கிற ஊரில் 1994இல் ஒரு பழைய கடையைக் காலி செய்தார்கள். கீழ்த்தளத்தில் மூன்று உலோகப் பீப்பாய்கள், உள்ளே எண்ணூறுக்கு மேல் பிலிம் சுருள்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் மில் விட்டு வருகிற தொழிலாளர்களையும் தெருவில் போகிற ஜனங்களையும் எடுத்து, அதே ஊரில் அவர்களுக்கே போட்டுக் காட்டிய படங்கள். அந்தக் காலத்து லோக்கல் சேனல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்தவர்கள் குப்பையில் கொட்டியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். விஷயம் தெரிந்த ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததால் இன்றைக்கு அந்த நாட்டுப் பொக்கிஷமாக இருக்கிறது. அங்கேயும் கடையைக் காலிதான் செய்தார்கள்.

"வெள்ளைக்காரனிடம் காசு இருக்கிறது, செய்கிறான்" என்பீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ன கோடீஸ்வரராக இருந்தா சேர்த்தார்? பெயர்ப் பலகை எழுதிய ஓவியர். புத்தகத்தோடு நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று ஊர் கழித்துக் கட்டியதையும் சேர்த்துச் சுமார் ஒரு லட்சம் உருப்படி வைத்திருந்தார். அதுதான் சென்னையில் நூலகமாக நிற்கிறது. அதே கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிப் படம் எடுப்பதற்காக நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த 50,000 அடி பிலிமைத் தேடித் திரட்டினார். 1940இல் படம் தமிழில் வந்தது. பிறகு அந்தப் படமே காணாமல் போயிற்று. பல வருஷம் தேடிய வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு அதன் ஆங்கில வடிவம் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில்தான் கிடைத்தது. நம் ஆள் எடுத்த படத்தை அடுத்தவன் அலமாரியில் தேட வேண்டியிருந்தது. இதைப் படித்தும் ஒருவருக்குச் சிரிப்பு வந்தால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

டேப் பூஞ்சை பிடித்திருக்கும், ஓட்ட டெக் கிடையாது என்கிறார்கள். உண்மைதான். வி.சி.ஆர். என்கிற அந்த டெக்கைச் செய்த கடைசி கம்பெனியே 2016இல் நிறுத்திவிட்டது. அதனால்தானே சீக்கிரம் செய்ய வேண்டும் என்று கத்துகிறோம்? நோயாளிக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் போவீர்களா, சுடுகாட்டுக்குப் போவீர்களா?

அடுத்தவர் வீட்டு விசேஷமும் துக்கமும் அதில் இருக்குமே என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே காட்ட வேண்டும். ஆனால் எடைக்குப் போட்டது அந்த அக்கறையினால் இல்லை.

இப்போது என் வீட்டு விஷயம். சிலருக்குத் தெரியும்.

அப்பா பிரச்சார வேனில் ஆபரேட்டர். மலேரியா, குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு என்று கிராமம் கிராமமாகப் போய்ப் பதினாறு எம்.எம். படம் போட்டுக் காட்டுகிற வேலை. லீவு நாளில் என்னையும் கூட்டிப் போவார். படம் பாதியில் அறுந்துவிடும், ஜனங்கள் விசிலடிப்பார்கள். அப்பா அவசரப்பட மாட்டார். அறுந்த முனையைச் சதுரமாக வெட்டி, ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசையைப் பிரஷ்ஷால் ஒரு தடவு தடவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இருபது வரைக்கும் எண்ணுவார். நானும் கூடவே எண்ணுவேன். அந்த நெடி எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2003இல், இதே சேனல் பையன்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து அவரைப் பேட்டி எடுத்தார்கள். நாலு நிமிஷம் வந்தது. ஒட்டுப் போடுவது எப்படி என்று ஒரு துண்டு பிலிமை வைத்துச் செய்தே காட்டினார். 2009இல் போய்விட்டார். என் கல்யாண வீடியோவில் அப்பா இருக்கிறார், பந்தியில் நின்று யாரிடமோ ஏதோ சொல்கிறார். என்ன சொல்கிறார் என்று கேட்காது. மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். அவர் குரல் இருந்தது அந்த நாலு நிமிஷத்தில்தான்.

அதைக் கேட்டு ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். "ஆள் வரட்டும்ணே, தேடித் தர்றோம்." காசு தருகிறேன், நானே உட்கார்ந்து தேடிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். என் நம்பர் அவர்களிடம் இருக்கிறது. வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு போன்.

சனிக்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போனேன். பிளாஸ்டிக் கூடு தனியாக, ஸ்க்ரூ தனியாகப் பிரித்துப் பாதிக்கு மேல் முடித்திருந்தார்கள். நாடா தரையெல்லாம் கிடந்தது. வேலிக் கம்பியில் சிக்கி வெயிலில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. "நாடா எதுக்கும் ஆவாது சார்" என்றார் கடைக்காரர். அவர்மேல் தப்பே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் பிரிக்கிறதை நிறுத்தச் சொல்லி, மிச்சத்தைக் கொட்டிக் காட்டியவர் அவர் ஒருவர்தான். காசும் வாங்கவில்லை.

லேபிள் கிழியாமல் பதினேழு கேசட் எடுத்து வந்திருக்கிறேன். ஒன்றில் பால்பாயிண்டில் "மகாமகம் 3" என்று எழுதியிருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தேன், நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை, உள்ளே பரவாயில்லை. அப்பா கேசட் இதில் இல்லை. எல்லா லேபிளையும் இரண்டு தடவை படித்துவிட்டேன்.

ஓடுகிற வி.சி.ஆர். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்த நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் இருந்தாலும் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.