படித்துவிட்டுக் கைதட்டுங்கள்

இங்கே டெக்சாஸில், நம் ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளி வாரியத்துக்கான வேட்பாளர்கள் கூட்டத்தின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அந்த வேட்பாளரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு புத்தகத்தின் ஒரே ஒரு பக்க நகலில் மஞ்சள் மையால் கோடிட்டுக்கொண்டு வந்து, இது பள்ளி நூலகத்தில் இருக்கலாமா என்று கேட்டார். முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா என்று ஒரு பெண்மணி கேட்டதற்கு, அதற்கு அவசியமில்லை என்றார். அரங்கம் கைதட்டியது. தட்டிய கைகளில் நம் தமிழர் கைகளும் இருந்ததுதான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

ஒரு புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்வதற்கு முன் படியுங்கள் என்பதைத் தவிர நான் வேறொன்றும் கேட்கவில்லை. இதே டெக்சாஸில், கெல்லர் பள்ளி மாவட்டத்தில், 2022 மே மாதத் தேர்தலில் வாரியத்துக்குப் புதிய உறுப்பினர்கள் வந்தார்கள். ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய நாள், 41 புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுக்கும்படி மின்னஞ்சல் போனது. பைபிளும், ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பின் சித்திர வடிவமும் அதில் அடக்கம். புத்தகங்களைப் பரிசீலிக்க முன்பு அமைத்த குழு படித்துப் பார்த்து, இருக்கட்டும் என்று சொன்னவையும் இருந்தன. படித்தவர்களின் முடிவுக்கு அவ்வளவுதான் மரியாதை.

கண்டதையும் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்பீர்கள். கொடுக்க மாட்டேன். என் மகளிடமிருந்து ஒரு புத்தகத்தை நானே வாங்கி வைத்திருக்கிறேன். அது என் வீட்டு விஷயம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து நான் வாங்கி வைக்கவில்லை. கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கில்லை.

நான் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் தூசி தட்டுவார்கள். மற்ற நாளில், "கிழித்துவிடுவீர்கள்" என்று பூட்டிவிடுவார்கள். கண்ணாடி வழியாகத் தலைப்புகளை மட்டும் படித்தே ஐந்து ஆண்டுகள் போயின. அதனால்தானோ என்னவோ, இங்கே வந்த புதிதில், ஆங்கிலம் பேசத் தயங்கிய என் மகளுக்கென்று நூலகர் ஒரு புத்தகத்தை எடுத்துவைத்து, அவள் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. இன்று அந்த நூலகர் வாங்க நினைக்கும் பட்டியலை 30 நாள் பொதுப்பார்வைக்கு வைத்து, வாரியத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்கிறது 2025ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்புதல் தரும் இடத்துக்குத்தான் படிக்க அவசியமில்லை என்பவர் போட்டியிடுகிறார்.

"நமக்கெதற்கு அக்கா இந்த வம்பு?" என்று தனிச்செய்தி அனுப்பிய தம்பிக்கு: உங்கள் பையனுக்கும் அதே நூலகர்தான் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். இந்தப் பள்ளிகளுக்காக வீட்டு வரி கட்டும்போது வராத தயக்கம் வாய் திறக்கும்போது மட்டும் ஏன் வருகிறது? அந்த மஞ்சள் கோட்டுப் புத்தகத்தை ஊர் நூலகத்திலிருந்து எடுத்துவந்து, இரண்டே இரவில் படித்து முடித்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, உங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகட்டுமா?