மருத்துவச் செலவுக்கு எங்கே உச்சவரம்பு?

எந்த நாட்டில் மருத்துவம் இலவசம், எந்த நாட்டில் கட்டணம் என்பதோடு நம்முடைய ஒப்பீடுகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு கேள்வியே முதன்மையானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்: ஓராண்டில் தம் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பதை, நோய் வருவதற்கு முன்பே அவரால் அறிந்துகொள்ள முடியுமா?

இந்தக் கோணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த நாடு ஜப்பான். 1961-இலேயே எல்லோரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்த அங்கே, பெரும்பாலானோர் சிகிச்சைக் கட்டணத்தில் 30 சதவீதத்தைத் தாமே செலுத்த வேண்டும். முதலில் கேட்கும்போது இது கடுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் வருமானத்துக்கு ஏற்ப மாதாந்திர உச்சவரம்பு ஒன்று உண்டு. அதற்கு மேல் போகும் செலவின் பெரும்பகுதியைக் காப்பீடே ஏற்கிறது. அதோடு, ஒவ்வொரு சிகிச்சைக்குமான கட்டணத்தை நாடு முழுவதற்கும் அரசே நிர்ணயித்து, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறது. மருத்துவமனை தன் விருப்பப்படி விலை வைக்க முடியாது என்பதால்தான் அந்த 30 சதவீதம் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

பிஸ்மார்க் காலத்தில், 1883-இல் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டைச் சட்டமாக்கிய ஜெர்மனியிலும் இதே எண்ணம் வேறு வடிவில் இருக்கிறது. பொதுக் காப்பீட்டில் உள்ளவர் மருத்துவமனையில் தங்கினால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாட்கள் வரை மட்டுமே. மருந்துக்கும் சேர்த்து இவ்வாறு செலுத்தும் தொகை குடும்ப வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால் விலக்கு பெறலாம். நாட்பட்ட நோயாளிகளுக்கு வரம்பு 1 சதவீதம்தான்.

அமெரிக்காவில் உச்சவரம்பே இல்லை என்று சிலர் எழுதுவது சரியல்ல. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காப்பீடுகளில் வரம்பு உண்டு. 2024-இல் அது தனிநபருக்கு 9,450 டாலர். ஆனால் மாதந்தோறும் கட்டும் பிரீமியம் அந்தக் கணக்கில் சேராது. காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவரிடம் செல்லும் செலவும் பொதுவாகச் சேராது. எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம்கூட, சாலையில் ஓடும் ஆம்புலன்சை விட்டுவிட்டது. உயிர் ஊசலாடும் நேரத்தில், வந்து நிற்கும் ஆம்புலன்ஸ் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று யாரால் விசாரிக்க முடியும்? நாட்டின் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவிடும் நாட்டில் இந்த இடைவெளி இருப்பது எனக்கு வேதனையளிக்கிறது.

பிரிட்டனில் 1948 முதல் மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பில் இல்லை. அங்கே நோயாளி கொடுப்பது காலம். இங்கிலாந்தில் மட்டும் காத்திருப்புப் பதிவுகள் 2022-இல் 70 லட்சத்தைக் கடந்தன. மூட்டு வலியோடு மாதக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு செலவுதான், எந்தப் புள்ளிவிவரத்திலும் அது பணமாக வருவதில்லை என்றாலும்.

இத்தகைய பாதுகாப்பு பணக்கார நாடுகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தாய்லாந்து, ஆசிய நிதி நெருக்கடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த 2002-ஆம் ஆண்டிலேயே, வேறு பொதுக் காப்பீடு இல்லாத தன் மக்கள் அனைவரையும் ஒரு முறை வருகைக்கு 30 பாட் என்ற கட்டணத்தில் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. செலவு அதிகம் என்று தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த டயாலிசிஸையும் 2008-இல் அதில் சேர்த்துக்கொண்டது.