வண்டியைக் கீழே விடுங்க, நீங்க மேலே வாங்க

குன்னூரில் எந்த டீக்கடையில் நின்றாலும் இ-பாஸ் புலம்பல்தான். ஹைகோர்ட் உத்தரவால், நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7-ல் பாஸ் வந்தது. அடுத்த வருஷ சீசனுக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று அளவும் வந்தது. காட்டேஜ் நடத்தும் நண்பர் கேட்டார்: "ஏங்க, வர்ற விருந்தாளிய வாசல்ல நிறுத்தி டோக்கன் குடுக்கற ஊரு எங்கயாவது உண்டா?"

உண்டு. ஸ்பெயினில், கிரானடா. அங்கே இருக்கிற அல்ஹம்ப்ரா அரண்மனை.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். லீவுக்குப் போனபோது மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஸ்பெயின் வரை கூட்டிப்போனான். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. கேட்க சொகுசுதான். ஆனால் டேங்கில் தண்ணி தீர்ந்தால் குளியல் கிடையாது. கக்கூஸ் டப்பாவை கேம்ப்சைட்டில் அதற்கென்று இருக்கிற இடத்துக்கு நாமே தூக்கிப்போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். (நம்ம மலைப்பாதையில் பர்லியார் தாண்டி வேனை ஓரங்கட்டிச் சாப்பிட்டுவிட்டு, தட்டு, பாட்டில் எல்லாவற்றையும் பள்ளத்தில் வீசுகிறார்களே, அவர்களை ஒரு வாரம் அந்த டப்பாவைத் தூக்க விடணும்.)

கிரானடாவின் பழைய தெருக்களில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும், அபராதம். அதனால் வண்டியை கேம்ப்சைட்டிலேயே விட்டுவிட்டு டவுன் பஸ், அப்புறம் மலையேறும் சின்ன சிவப்பு பஸ். டிக்கெட்டில் பேர் இருக்கும், பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். கிரானடாவை ஆண்ட நஸ்ரித் சுல்தான்களின் மாளிகைகளுக்கு மட்டும் தனியாக நேரம் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தை விட்டால் விட்டதுதான். "ரொம்ப தூரத்துல இருந்து வர்றோம் சார்" எல்லாம் செல்லாது.

1238-ல் நஸ்ரித் சுல்தான் முதலாம் முகமது தொடங்கிய இடம். சிங்க முற்றத்தில் 12 பளிங்குச் சிங்கங்கள் ஒரு தொட்டியைத் தாங்கி நிற்கின்றன, வாயிலிருந்து தண்ணி விழுகிறது. வெள்ளைத் தரையில் நாலு பக்கமும் சின்ன வாய்க்கால். டாரோ ஆற்றிலிருந்து மலைச்சரிவில் கால்வாய் வெட்டி, சாய்வை மட்டுமே நம்பி அந்தக் காலத்தில் தண்ணியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1492-ல் கிரானடா கிறிஸ்தவ அரசர்கள் கைக்கு மாறியது. பிறகு வந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், 1527-ல் பக்கத்திலேயே தடித்தடியாகக் கல் வைத்து ஒரு அரண்மனை கட்ட ஆரம்பித்தார். பழைய பங்களாவை ஒட்டி நம்மாட்கள் கண்ணாடி லாட்ஜ் எழுப்புகிற மாதிரி! உள்ளே வட்ட முற்றம் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். உள்ளே ஆட்கள் நிறைய இருந்தும் நெரிசல் இல்லை. தொட்டித் தண்ணி விழுகிற சத்தம் காதில் கேட்டது. மே மாசம் ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் மலர்க் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்க. முன்னால் நிற்கிறவர் முதுகும் அவர் செல்போனும்தான் தெரியும், பூவைக் காணோம்.

நம்ம பாஸ் வண்டியை எண்ணுகிறது, அதோடு சரி. எண்ணி உள்ளே விட்ட வண்டிகள் எல்லாம் பதினோரு மணிக்கு ஊட்டி சேரிங் கிராஸில் போய் நின்றால் எண்ணி என்ன பிரயோஜனம்? மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் பெரிய பார்க்கிங் வேண்டும், அங்கிருந்து மேலே வர அடுத்தடுத்து பஸ் வேண்டும். கார்டனுக்கும் தொட்டபெட்டாவுக்கும் நேரம் போட்ட டிக்கெட். சீசனில் ஊட்டிக்குள் சுற்றுலா இடங்களைச் சுற்றிவரும் சர்க்யூட் பஸ் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது ஆகாத காரியமில்லை. டாக்ஸிக்காரங்க பிழைப்பு போயிடும் என்பார்கள். சொந்தக் காரைக் கீழே விட்டு வருகிறவர் மேலே சுற்றிப் பார்க்க நம்ம நீலகிரி டிஎன்-43 வண்டியைத்தானே கூப்பிடணும்?

கைக்குழந்தை, வயசானவங்க, பெட்டி படுக்கையோடு வருகிறவர்கள் பஸ் மாறி ஏறுவார்களா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் கார் வரிசைக்குப் பின்னால் நிற்கிறதே, அதுவும் நியாயமான கேள்வி. லக்கேஜ் வைக்க இடமுள்ள பஸ், உட்கார நிழல், சுத்தமான கழிப்பறை, இந்த மூன்றையும் முதலில் மேட்டுப்பாளையத்தில் செய்து காட்டட்டும். அதைச் செய்யாமல் காரை மட்டும் தடுத்தால் முதல் ஆளாக நானே எதிர்த்துப் பதிவு போடுவேன்.