அதிகாரம் இல்லாத பதவியில் 65 ஆண்டுகள்

இளவரசர் ஃபிலிப் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது இரண்டு. கணவராக எலிசபெத் ராணிக்கு இரண்டடி பின்னால் நடந்தவர், வாயைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர். இரண்டும் உண்மைதான். 1972, 1989, 2006 என மூன்று முறை ராணியோடு சிங்கப்பூர் வந்தபோதும் படங்களில் அவர் ஓரமாகத்தான் இருப்பார். ஆனால் நம் பிள்ளைகள் பள்ளியில் எடுக்கும் தேசிய இளையர் சாதனை விருதின் வேர் அவரிடம் இருக்கிறது. அவரை எடைபோட வேண்டுமென்றால் அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அந்தப் பதவியைப் புரிந்துகொள்வோம். பிரிட்டனில் ஆளும் அரசியின் கணவருக்குச் சட்டம் எந்த வேலையும் தரவில்லை. அரசாங்கக் கோப்புகள் வரும் சிவப்புப் பெட்டி அரசிக்கு மட்டும். வாராவாரம் பிரதமரைச் சந்திப்பதும் அரசி மட்டும். விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் அரசியின் செயலாளர் போலவே கோப்புகளில் புழங்கினார். ஃபிலிப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. கையில் இருந்த தொழிலையும் அவர் இழந்தார். 1940-இல் கொழும்பில் ரமில்லீஸ் போர்க்கப்பலில் சேர்ந்தவர், 1941 மட்டபான் முனைப் போரில் தேடொளி விளக்குகளை இயக்கிப் பாராட்டு வாங்கியவர், 1950-இல் மேக்பை கப்பலின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். 1952 பிப்ரவரி 6-ஆம் தேதி மாமனார் ஆறாம் ஜார்ஜ் மறைந்தார். கென்யாவில் இருந்த மனைவியிடம் அந்தச் செய்தியைச் சொன்னவர் ஃபிலிப்தான். அப்போது அவருக்கு வயது 30. கடற்படை வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு 2017 ஆகஸ்ட் வரை தனியாகக் கலந்துகொண்ட நிகழ்ச்சிகள் 22,219. ஆண்டுக்குச் சராசரியாக 340-க்கும் மேல். உரைகள் 5,496. 785 அமைப்புகளுக்குத் தலைவராகவோ புரவலராகவோ உறுப்பினராகவோ இருந்தார். உலக வனவிலங்கு நிதியத்தின் அனைத்துலகத் தலைவராக 1981 முதல் 1996 வரை இருந்தார். ரிப்பன் வெட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பவர்கள், எழுபது வயதைத் தாண்டியும் ஆண்டுக்கு முந்நூறு முறை வெட்டிப் பார்க்கட்டும்.

அவருடைய பேச்சை நான் பூசி மெழுகப் போவதில்லை. 1986-இல் சீனாவில் சீனர்களின் கண்களைக் கேலியாகச் சொன்னது இனவெறிப் பேச்சு. 1999-இல் எடின்பர்க் அருகே ஒரு தொழிற்சாலையில், ஒழுங்கற்றுக் கிடந்த ஃபியூஸ் பெட்டியைப் பார்த்து இந்தியன் எவனோ மாட்டியது போல இருக்கிறது என்றார். பிறகு அரண்மனை வருத்தம் தெரிவித்தது. 1997-இல் ஜாலியன்வாலா பாக் நினைவிடத்தில் நின்றுகொண்டு, பலியானோர் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று வாதாடினார். அவற்றை ‘நகைச்சுவை’ என்று கடந்து போவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் சொன்னவை அவர் கணக்கில் இருக்கட்டும், அவர் கட்டியெழுப்பியதும் இருக்கட்டும்.

கட்டியெழுப்பிய கதை அவருடைய ஆசிரியர் கர்ட் ஹானிடம் தொடங்குகிறது. ஹிட்லரை எதிர்த்ததால் 1933-இல் சிறைக்குப் போய், பிறகு பிரிட்டனுக்குத் தப்பி வந்த யூதர் ஹான். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். அதன் தொடக்க கால மாணவர்களில் ஃபிலிப்பும் ஒருவர். இளையரிடம் உடல்வலிமை, முனைப்பு, கைத்திறன், தன்னடக்கம், பரிவு எல்லாம் தேய்ந்து வருகின்றன என்பது ஹானின் கவலை. 1956-இல் ஃபிலிப் தன் பட்டத்தின் பெயரிலேயே எடின்பர்க் கோமகன் விருதைத் தொடங்கியபோது அந்தக் கவலைக்குத்தான் வடிவம் கொடுத்தார். நடத்திக் காட்ட, எவரெஸ்ட் வென்ற குழுவின் தலைவர் ஜான் ஹண்டை அழைத்து வந்தார். முதலில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், 1958 முதல் பெண்பிள்ளைகளுக்கும். இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

அதே ஹான் 1941-இல் வேல்ஸில் தொடங்கி வைத்த அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புற சாகசப் பயிற்சிப் பள்ளியின் வழியில் வந்ததுதான், டாக்டர் கோ கெங் சுவீ 1967-இல் புலாவ் உபினில் அமைத்த பள்ளி. எடின்பர்க் கோமகன் விருதின் வழியில் நம் தேசிய இளையர் சாதனை விருது 1992-இல் வந்தது. ஒரே மரத்தின் இரு கிளைகள்.

இந்த விருதில் போட்டி கிடையாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் இல்லை. தனக்கென்று வைத்த இலக்கை முடித்தால் விருது உண்டு. இதில்தான் நம் பெற்றோர் இடறுகிறார்கள். சான்றிதழைக் கோப்பில் செருகும் அவசரத்தில், திட்டத்தின் உயிரை விட்டுவிடுகிறார்கள்.

அனைத்துலக விதிப்படி கணக்கு இதுதான். விருதுக்கு மூன்று நிலைகள். வெண்கலத்தில் சேரக் குறைந்தது 14 வயது, வெள்ளிக்கு 15, தங்கத்துக்கு 16. சேவை, திறன், உடற்பயிற்சி மூன்றிலும் வெண்கலத்துக்கு 3 மாதம், வெள்ளிக்கு 6, தங்கத்துக்கு 12. வெண்கலத்தில் ஏதாவது ஒன்றை மட்டும் கூடுதலாக 3 மாதம் செய்ய வேண்டும். வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம். 13 மணி நேரத்தை ஒரே வாரத்தில் செய்து முடித்தால் செல்லாது, 13 வாரங்களில் பரவியிருக்க வேண்டும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு நாள் முழுக்க நின்றால் புண்ணியம் கிடைக்கும், சேவைப் பிரிவுக்குப் போதாது. முதியோர் இல்லத்துக்கு வாரம் ஒருமுறை போனால் போதும். பழக்கம் படிய வேண்டும் என்பதே நோக்கம்.

மிருதங்கம் திறனில் வரும். சிலம்பம், பரதம் உடற்பயிற்சியில் வரும். ஒரே செயலை இரண்டு பிரிவுகளில் காட்ட முடியாது. மதிப்பிடுபவர் அப்பாவோ சித்தியோ ஆகக் கூடாது. குறிப்பேட்டைக் கடைசி இரவில் மொத்தமாக எழுதினால் தேதிகள் இடிக்கும், அங்கேயே திருப்பி அனுப்பப்படும். எங்கெல்லாம் உள்ளூர் விதி வேறுபடும் என்பதைப் பள்ளிப் பொறுப்பாசிரியரிடம் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாகசப் பயணம் வெண்கலத்துக்கு 2 பகல் 1 இரவு, வெள்ளிக்கு 3 பகல் 2 இரவு, தங்கத்துக்கு 4 பகல் 3 இரவு. குழுவில் 4 முதல் 7 பேர். பை உடல் எடையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது, 50 கிலோ பிள்ளைக்கு 12.5 கிலோ. அதில் தண்ணீர் மட்டுமே 3 கிலோ. அம்மா அன்போடு திணிக்கும் டின் மீன்களால்தான் பை கனக்கிறது. பருத்திக் காலுறை வியர்வையில் ஊறிக் கொப்புளம் போட வைக்கும், செயற்கை இழை நல்லது. மெக்ரிட்சியில் மட்டும் நடந்து பழகி மலேசிய மலைக்குப் போனால், ஏற்றத்தைவிட இறக்கத்தில் முழங்கால் தகராறு செய்யும். வீட்டு அடுக்குமாடிப் படிக்கட்டில் பையைச் சுமந்து ஏறி, மின்தூக்கியில் வராமல் நடந்தே இறங்கிப் பழக வேண்டும்.

தங்கத்துக்கு இன்னொன்று உண்டு. முன்பின் தெரியாதவர்களோடு 5 பகல் 4 இரவு தங்கி ஒரு பொதுவேலை செய்வது. நண்பர் கூட்டத்தோடு போனால் அது சுற்றுலா.

எல்லாமே 25-ஆவது பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கு இடையில் தேசிய சேவை இரண்டு ஆண்டை எடுத்துக்கொள்ளும். வெள்ளி எடுக்காமல் நேராகத் தங்கத்தில் சேர்பவருக்கு ஒரு பிரிவில் 12 மாதத்துக்குப் பதில் 18 மாதம். ஆகவே உயர்நிலை மூன்றிலேயே வெண்கலத்தைத் தொடங்கிவிட்டால் நெருக்கடி இருக்காது.