"டாக்டருக்குக் கிடைக்கலையா?"

அக்கா மகள் பயாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறாள். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ்: "சித்தி, டிகிரி முடிச்சா டீச்சர் வேலையை விட்டா வேற என்னதான் இருக்கு? சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க, உண்மையைச் சொல்லுங்க."

இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே கேள்வி இருந்தது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. மைக்ரோபயாலஜி என்று சொன்னாலே, "ஓ, டாக்டருக்குக் கிடைக்கலையா?" என்பார்கள், துக்கம் விசாரிக்கிற குரலில். அந்தக் குரல் இன்னமும் ஓயவில்லை. அந்தக் கடுப்பில்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்கிறேன். ஊசி மருந்து தயாராகும் இடத்தில் தரக்கட்டுப்பாட்டு லேப். ஒரு பேட்ச் வெளியே போகுமுன் அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதிரியை இரண்டு வகை ஊட்டத் திரவத்தில் போட்டு, ஒன்றை 30 முதல் 35 டிகிரியிலும் மற்றதை 20 முதல் 25 டிகிரியிலும் 14 நாள் வைப்போம். அவ்வப்போது எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். தெளிவாக இருந்தால் நிம்மதி. லேசாகக் கலங்கியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. கிருமி மருந்தில் இருந்ததா, காற்றில் வந்ததா, நம் கையிலிருந்தே போனதா என்று துப்பறியத் தொடங்குவோம்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், இன்குபேட்டர் வெப்பநிலையைக் கையுறை மேலேயே பேனாவால் குறித்துக்கொண்டேன், அப்புறம் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று. சீனியர் அக்கா பார்த்துவிட்டார். திட்டவில்லை. அந்தக் கையுறையைக் கழற்றி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பதிவேட்டில் ஒட்டச் சொன்னார். முதலில் எழுதியது எதுவோ அதுதான் சாட்சி, மற்றதெல்லாம் காப்பி என்றார். மூன்று வருட டிகிரியில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்கு வேலைக்கு ஆள் எடுக்க உட்காரும்போது நான் முதலில் கேட்பதே லேப் நோட்டைத்தான். மார்க் அப்புறம்.

கிருமி செத்துப்போனாலும் தொல்லை விடாது. சில பாக்டீரியாக்களின் மேலுறைத் துணுக்கு ரத்தத்தில் கலந்தாலே காய்ச்சல் வரும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு கடல் பிராணியிடமிருந்து. குதிரைலாட நண்டின் நீல ரத்தம் பாக்டீரியா பட்டால் உறைந்துபோகிறது என்று 1956இல் ஃபிரெடெரிக் பாங் எழுதினார். அதிலிருந்து பிறந்த சோதனையைத்தான் தடுப்பூசி வரைக்கும் பயன்படுத்துகிறோம். இப்போது நண்டை விட்டுவிட்டு, அந்த ரத்தத்தில் உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதத்தையே லேபில் தயாரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் பயாலஜி படித்தவர்கள் செய்கிற வேலைதான்.

அதனால் அவளிடம் நான் சொன்னது: வேலையின் பேரைக் கேட்காதே, அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேள். பைப்பெட்டோடு நிற்பதா, கம்ப்யூட்டர் முன் உட்காருவதா, வெயிலில் நடப்பதா, மனிதர்களோடு பேசுவதா?

காடு, கடல் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறைய. போகட்டும். ஆனால் பத்து நாள் காட்டில் திரிந்தால் மூன்று மாதம் எக்செல்லில் திரிய வேண்டியிருக்கும். என் தோழி வௌவால்களை ஆராய்கிறாள். அவள் மடிக்கணினியில் வௌவால் படத்தைவிட வரைபடங்கள்தான் அதிகம்.

யாரும் பேசாத ஒரு கூட்டம் உண்டு, மேசை வேலைக்காரர்கள். புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும்போது விதிப்படி நடக்கிறதா என்று கண்காணிப்பவர்கள், பக்கவிளைவுப் புகார்களைத் திரட்டிப் பார்ப்பவர்கள், அரசு அனுமதிக்கான ஆவணம் எழுதுபவர்கள், காப்புரிமை ஆய்வு செய்பவர்கள். உயிரியல் புரிய வேண்டும், அதோடு எழுதவும் வர வேண்டும். மனிதர்களோடு பேசப் பிடிக்கும் என்றால் மரபணு ஆலோசனை. பரம்பரை நோய் உள்ள குடும்பத்தை உட்காரவைத்து, சோதனை முடிவுக்கு என்ன அர்த்தம் என்று பொறுமையாகச் சொல்கிற வேலை. இதற்கான முதுகலைப் படிப்பு அமெரிக்காவில் 1969இலேயே தொடங்கிவிட்டது. நம்மில் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

கம்ப்யூட்டர் பக்கம் போனால் இன்னும் பெரிய உலகம். மனித ஜீனோமை, அதாவது நம் டிஎன்ஏ முழுவதையும், படிக்கும் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்தது, சுமார் 300 கோடி எழுத்துகளைப் படிக்கப் பதின்மூன்று வருடம். இன்று ஒருவருடைய ஜீனோமை ஓரிரு நாளில் படித்துவிடலாம். படித்ததற்கு அர்த்தம் சொல்லத்தான் ஆள் வேண்டும். "அதையும் ஏஐ செய்துவிடுமே" என்பவர்களுக்கு ஒன்று: புரத வடிவங்களைக் கணித்து 2024இல் வேதியியல் நோபல் வாங்கித்தந்த ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1971இல் தொடங்கிய புரத வடிவச் சேமிப்பில் லேப்காரர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுவைத்ததைப் பார்த்துத்தான் கற்றது.

எந்தப் பக்கம் போனாலும் புள்ளியியல் வேண்டும். கணக்குக்குப் பயந்துதான் பயாலஜி எடுத்தேன் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அந்தப் பயத்துக்கு முப்பது வயதுக்கு மேல் வட்டியோடு கட்டினேன்.

அவள் உண்மையைக் கேட்டதால் கசப்பான பாதியையும் சொன்னேன். வெறும் இளங்கலையோடு நின்றால் தொடக்கச் சம்பளம் குறைவுதான். பிஎச்.டி. என்றால் நாலைந்து வருடம், சமயத்தில் அதற்கு மேலும். முடித்தபிறகும் பேராசிரியர் நாற்காலிகள் குறைவு, வரிசை நீளம். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழிசெய்த விஞ்ஞானி காத்தலின் காரிக்கோவைப் பதவி இறக்கினார்கள், கடைசியில் 2023இல் நோபல் வாங்கினார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அருமையான கதை. ஆனால் அதை நம்பி யாரும் பத்து வருடத்தை அடகு வைக்க வேண்டாம். ஆராய்ச்சி இல்லாமல் தூக்கம் வராது என்கிறவர்கள் போகட்டும், வேறு வேலை கிடைக்கவில்லையே என்று போக வேண்டாம்.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, "சரி, நாள் முழுக்க எதைச் செய்தால் உனக்கு நேரம் போவதே தெரியாது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "ரெக்கார்ட் நோட்ல படம் வரையறது, சித்தி. சிரிக்காதீங்க."

சிரித்துத்தான் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, இவ்வளவு எழுதிய நான் அதை விட்டுவிட்டேன் என்று. பாடநூலுக்கும் அறுவை சிகிச்சை விளக்கத்துக்கும் மருத்துவ ஓவியர்கள் வேண்டும். 1911இலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் புரோடெல் இதற்கென்று தனித்துறை தொடங்கியிருக்கிறார்.

தவளை இதயம் வரைந்த பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஷேடிங் சரியில்லை, சரிசெய்துவிட்டு அனுப்புகிறேன் என்கிறாள்.