ஜமீனின் சாப்பாட்டுக் கணக்கு

(ஹால் தரையில் மூன்று நாய் உணவுப் பாக்கெட்டுகள், ஒரு டின். நடுவில் சமையலறைத் தராசு. மருமகன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு பாக்கெட்டின் முதுகைப் படித்துக்கொண்டிருக்கிறார். மாமனார் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், தணிக்கை இன்னும் பெறவில்லை. இருவருக்கும் நடுவில் ஜமீன் என்கிற லாப்ரடார், தராசுத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.)

மாமனார்: என்ன மாப்ள, கடை வைக்கப் போறீங்களா?

மருமகன்: இல்ல மாமா. ஜமீன் 36 கிலோ ஆயிடுச்சு. 30-ல இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் இருக்கறதுலயே நல்ல சாப்பாடு எதுன்னு இன்னைக்கு முடிவு பண்ணிடணும்.

மாமனார்: (பிரித்திருந்த பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு) உப்பே இல்லையே.

மருமகன்: மாமா! அது நாய்க்கு!

மாமனார்: ருசி பார்க்காம ஒரு ஜீவனுக்கு எப்படிப் பரிமாறறது? எனக்கும் உங்க வீட்டம்மா உப்பில்லாமத்தான் போடறா. பெருசா வித்தியாசம் தெரியலை.

மருமகன்: நாய்க்கு நம்ம அளவுக்கு ருசி தெரியாது மாமா. நமக்கு நாக்குல சுமார் 9,000 சுவை மொட்டு. அதுக்கு 1,700 சொச்சம்தான். மூக்குலதான் முக்கால்வாசி சாப்பாடு.

மாமனார்: பத்தியச் சாப்பாட்டுக்கு 1,700 தாராளம். மிச்ச 7,300-ஐ வச்சுக்கிட்டு நான்தான் திண்டாடறேன். சரி, ஆவணங்களைக் கொடுங்க, பார்ப்போம். (கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்) நாலுலயும் ஒரே கோழி நிக்குதே?

மருமகன்: படத்தைப் பார்க்கக்கூடாது மாமா, பேரைப் பார்க்கணும். அமெரிக்காவுல இதுக்கு ஒரு விதியே வச்சிருக்காங்க. வெறும் ‘சிக்கன்’னு பேர் வச்சா, சேர்க்கிற தண்ணியைக் கழிச்சு 95 சதவீதம் கோழி இருக்கணும். ‘சிக்கன் டின்னர்’னா 25 இருந்தா போதும். ‘வித் சிக்கன்’னா வெறும் 3.

மாமனார்: இந்த நாலாவதுல ‘சிக்கன் ஃப்ளேவர்’னு இருக்கே?

மருமகன்: அதுக்குக் குறைஞ்சபட்ச அளவே கிடையாது. வாசனை தெரிஞ்சா சரி.

மாமனார்: ஆக, டின்ல கோழி குடியிருக்கு. ரெண்டாவதுல வாடகைக்கு இருக்கு. மூணாவதுல எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கு. நாலாவது பக்கமா நடந்து போயிருக்கு.

மருமகன்: அதேதான் மாமா! அதனால டின்தான் சரின்னு தோணுது. ஆனா புரதத்தைப் பார்த்தா குழப்பமா இருக்கு. டின்ல 8 சதவீதம், பாக்கெட்ல 24.

மாமனார்: ஈரப்பதம் எவ்வளவு போட்டிருக்கான்?

மருமகன்: டின்ல 78, பாக்கெட்ல 10.

மாமனார்: இதுல என்ன குழப்பம்? தண்ணியைத் தள்ளுபடி பண்ணுங்க. டின்ல சரக்கு 22. அதுல 8 புரதம்னா 36 சதவீதம். பாக்கெட்ல சரக்கு 90. அதுல 24 புரதம்னா 27-க்குக் கொஞ்சம் கீழே. மொத்த வரவைப் பார்த்து மயங்கக்கூடாது மாப்ள, நிகரத்தைப் பார்க்கணும்.

மருமகன்: (நெகிழ்ந்து) மூணு நாளா இதைத்தான் மாமா தேடிக்கிட்டிருந்தேன்.

மாமனார்: இருங்க. டின்னுக்கு அடியில எறும்பு மாதிரி ஒரு வரி ஓடுது. பெரிய எழுத்துல போட்டதை நான் என்னைக்குமே படிச்சதில்லை. ‘இடையிடையே அல்லது கூடுதல் உணவாக மட்டும் கொடுக்கவும்’. அப்படின்னா?

மருமகன்: (வாங்கிப் பார்த்து, குரல் இறங்கி) அப்படின்னா இது முழுச் சாப்பாடு இல்லை மாமா. தினமும் இதையே போட முடியாது. ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்’னு இருக்கணும். வெறும் கறியில சுண்ணாம்புச்சத்து பத்தாது.

மாமனார்: கடைசியில கோழி குடியிருந்த வீட்டுக்குப் பட்டா இல்லை. அப்ப நானே கோழியை வேக வச்சுப் போடறேன். செலவும் மிச்சம்.

மருமகன்: வயித்துக்குச் சரியில்லாத ரெண்டு நாளைக்குப் போடலாம். வருஷம் பூரா போடணும்னா இதுக்குன்னே படிச்ச டாக்டர் கிராம் கணக்குல எழுதித் தரணும். எலும்பு போடவே கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பா உடைஞ்சு குடலைக் குத்திடும்.

மாமனார்: சரி, அடுத்தது. இதுல எதுக்கு ஓநாய் படம்?

மருமகன்: தானியமே சேர்க்காததுன்னு அர்த்தம். நாயோட மூதாதை ஓநாய், அது தானியமா தின்னுச்சுன்னு கேக்கறான்.

மாமனார்: (ஜமீனைப் பார்க்கிறார். ஜமீன் நாற்காலிக் காலில் தலையைச் சாய்த்து ஒரு கொட்டாவி விடுகிறது) இதுவா ஓநாய்? மிக்ஸி ஓடினா கட்டிலுக்கு அடியில போறது இது.

மருமகன்: உள்ளயும் மாறிடுச்சு மாமா. மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாய்க்கு 2 பிரதி. நாய்க்கு 4-லேர்ந்து 30 வரைக்கும் இருக்குன்னு 2013-ல கண்டுபிடிச்சாங்க. நம்மகூட ஒட்டிக்கிட்டு நாம தின்னதைத் தின்னே மாறினது. தானியத்துக்கு ஒவ்வாமை இருந்தா அது வேற விஷயம். இல்லைன்னா ஓநாய் படத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மாமனார்: தள்ளுங்க. இப்ப தின்னுட்டிருக்கறது எது?

மருமகன்: மூணாவது. ‘வித் சிக்கன்’.

மாமனார்: (மேலும் கீழும் பார்த்து) ஜமீனுக்கு வயசென்ன?

மருமகன்: மூணு முடிஞ்சுடுச்சு.

மாமனார்: இதுல ‘பப்பி’ன்னு போட்டிருக்கு.

(மௌனம். ஜமீனின் வால் மட்டும் தரையைத் தட்டுகிறது.)

மருமகன்: அது... குட்டியா வந்தப்ப வாங்க ஆரம்பிச்சோம். நீல பாக்கெட், நீல பாக்கெட்னு அப்படியே...

மாமனார்: மூணு வருஷமா வளர்ற குழந்தைக்குப் போடற சாப்பாடு. மேல வளர இடமில்லை, பக்கவாட்டுல வளர்ந்துடுச்சு.

மருமகன்: குட்டிக்கு எரிசக்தி ஜாஸ்தி வேணும்னு கலோரியை ஏத்தித்தான் பண்ணியிருப்பாங்க... நான் புரதத்தையே பார்த்துட்டிருந்தேன் மாமா.

மாமனார்: நடக்கறதுதான். கோடிக்கணக்குல திட்டம் போடற ஆபீஸ்லதான் குண்டூசி ரெஜிஸ்டர் காணாமப் போகும். நாலாவதைக் கொடுங்க. ‘வளர்ந்த நாய்களுக்கு’, ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்’. ரெண்டும் இருக்கு.

மருமகன்: ஆனா அதுல கோழி பக்கமாத்தானே நடந்து...

மாமனார்: கோழிக்குப் பதிலா வேற ஏதோ இறைச்சி, மீன்னு வரிசையா போட்டிருக்கான். பேர்ல கோழி இல்லைன்னா வயித்துல சத்து இல்லைன்னு ஆயிடுமா? நாளைக்கே மாத்திடலாம்.

மருமகன்: ஒரே நாள்ல மாத்தினா வயித்தால போகும் மாமா. முதல் ரெண்டு நாள் கால் பங்கு புதுசு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். மொத்தம் ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

மாமனார்: சார்ஜ் ஒப்படைக்கிற மாதிரி. நல்ல முறை. இப்ப பெரிய கேள்விக்கு வருவோம். எது நல்லதுன்னு இவ்வளவு நேரம் பேசினோமே, தினமும் எவ்வளவு உள்ள போகுதுன்னு யாராவது எழுதி வச்சிருக்கீங்களா?

மருமகன்: எழுதி எல்லாம்... காலையில ஒரு கப், ராத்திரி ஒரு கப்.

மாமனார்: எந்தக் கப்?

மருமகன்: காலையில எது கைக்குக் கிடைக்குதோ அது.

மாமனார்: (கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறார்) அந்தத் தராசு எதுக்கு இருக்கு?

மருமகன்: உங்க சோத்தை அளக்க உங்க பொண்ணு வாங்கினது மாமா.

மாமனார்: தெரியும். அந்த வயித்தெரிச்சல்லதான் கேக்கறேன். நான் மட்டும் கிராம் கணக்கு, இவன் கப் கணக்கா?

மருமகன்: டாக்டர் ஒரு கணக்கு சொன்னார். இருக்க வேண்டிய எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல பெருக்கணுமாம்.

மாமனார்: முக்கால் அடுக்கா? வரிக் கணக்குலகூட இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை.

மருமகன்: 30 கிலோவுக்குப் போட்டா சுமார் 900 கலோரி வருது. இளைக்கற வரைக்கும் அதுதான். அதுலயும் தின்பண்டம் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குண்டா இல்லையான்னு தராசு இல்லாமயும் பார்க்கலாம். கையைக் கொடுங்க. முஷ்டி பிடிச்சு இந்த முட்டியைத் தடவுங்க. விலா எலும்பு இப்படித் தட்டுப்பட்டா நாய் ரொம்ப மெலிவு. உள்ளங்கையில விரலுக்குக் கீழ மெத்துன்னு இருக்கே, அப்படின்னா குண்டு. கையை விரிச்சுப் புறங்கையைத் தடவினா மெல்லிசா தோல், கீழ எலும்பு தெரியுதில்ல? அதுதான் சரி.

(மாமனார் ஜமீனின் விலாவில் கை வைக்கிறார். ஜமீன் இதைத் தனக்கான கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிடுகிறது.)

மாமனார்: உள்ளங்கையும் இல்லை மாப்ள, இலவம்பஞ்சுத் தலகாணி. (கையை எடுத்துத் தன் விலாவைத் தடவி) எனக்குப் புறங்கை. உங்க பொண்டாட்டி ஜெயிச்சுட்டா. (யோசித்து) மாப்ள, நீங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க.

மருமகன்: மாமா, வேண்டாம்.

மாமனார்: சரி, சரி. அது தனி ஃபைல்.

மருமகன்: இது ஜமீன் தப்பு மட்டுமில்லை மாமா. லாப்ரடார்ல சுமார் நாலுல ஒண்ணுக்கு ஒரு மரபணுவுல கொஞ்சம் விட்டுப்போயிருக்காம். வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்குச் சரியாப் போகாது. 2016-ல கண்டுபிடிச்சாங்க.

மாமனார்: பாருங்க, ஜமீனுக்கு மரபணுவாம். எனக்கு மட்டும் நாக்கு நீளம்னு உங்க அத்தை சொல்றா.

மருமகன்: அதுக்காக விட்டுட முடியாது. 48 லாப்ரடார்களைக் குட்டியிலேர்ந்து சாகிற வரைக்கும் கவனிச்சிருக்காங்க. பாதிக்கு, கூடப் பிறந்ததைவிட 25 சதவீதம் குறைச்சலா சாப்பாடு. குறைச்சலா தின்னது கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூடுதலா இருந்திருக்கு.

மாமனார்: அந்த ரெண்டு வருஷமும் கூடப்பிறந்ததோட தட்டை நினைச்சுக்கிட்டே இருந்திருக்குமே, அதை யாராவது கவனிச்சாங்களா? விடுங்க. பேப்பர் எடுங்க, தின்பண்டக் கணக்கு எழுதுவோம். யார் யார் போடறது?

மருமகன்: முதல்ல உங்க சட்டைப் பையைக் காட்டுங்க மாமா.

மாமனார்: என்னையே தணிக்கை பண்றீங்களா!

(பை மேஜையில் கவிழ்கிறது: காய்ந்த திராட்சை ஒரு பிடி, சர்க்கரையில்லாத சூயிங்கம் ஒரு பட்டை, மூக்குப்பொடி டப்பா.)

மருமகன்: (எழுந்தே விடுகிறார்) மாமா! திராட்சை நாயோட சிறுநீரகத்தையே காலி பண்ணிடும். காய்ஞ்சதும் சேர்த்துத்தான். இந்தச் சூயிங்கம் அதைவிட மோசம். சைலிட்டால்னு போட்டிருக்கு பாருங்க. நமக்கு ஒண்ணும் பண்ணாது. நாய்க்கு உள்ள போனதும் இன்சுலின் குபுகுபுன்னு சுரந்து சர்க்கரை சடார்னு இறங்கிடும், கல்லீரலும் போகலாம். கொடுத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க. வண்டியை எடுக்கணும்.

மாமனார்: உட்காருங்க மாப்ள. என் பையிலேர்ந்து ஒரு திராட்சை வெளியே போனதில்லை. எனக்கே பத்தலை.

மருமகன்: சத்தியமா?

மாமனார்: எண்ணி வச்சிருக்கேன். 23 இருக்கும்.

(மருமகன் எண்ணுகிறார். 23.)

மருமகன்: அப்பாடா. இதெல்லாம் இனிமே அலமாரி மேல்தட்டுல. சாக்லேட், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது.

மாமனார்: எழுதிக்கோங்க. பேரன், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரொட்டி ஓரம். அத்தை, மத்தியானம் அரை முட்டை. உங்க பொண்டாட்டி கேரட். அதுல தப்பு சொல்ல முடியாது. நான் சைபர். (மெதுவாக) ராத்திரி பத்தரைக்கு ஃப்ரிட்ஜ் கதவு ‘ட்டப்’னு திறக்குமே, அது யாரு?

மருமகன்: ...தண்ணி குடிக்க.

மாமனார்: தண்ணி பாட்டில் வெளியே இருக்கு. அப்பப் பார்த்து ஜமீன் நகம் ‘டிக் டிக் டிக்’னு டைல்ஸ்ல ஓடற சத்தமும் வரும். அதுக்கும் தாகமா?

மருமகன்: சீஸ் மாமா. ரெண்டே ரெண்டு துண்டு. நாள் பூரா பார்க்காததுக்கு ஒரு...

மாமனார்: ஒரு துண்டு எத்தனை கலோரின்னு அட்டையில இருக்கு?

மருமகன்: 70.

மாமனார்: 900-ல பத்து சதவீதம் 90. நீங்க போடறது 140. வீட்டுல மத்த எல்லாரோட பங்கையும் எடுத்துக்கிட்டு, மேல 50 கடனும் வச்சிருக்கீங்க.

மருமகன்: (ஜமீனின் காதைத் தடவியபடி) உங்க பொண்ணுக்குத் தெரிய வேண்டாம் மாமா. இந்தப் பாக்கெட் ஆராய்ச்சிக்காக ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திருக்கேன்னு மூணு நாளா அவ என்னைத் திட்டிக்கிட்டிருக்கா.

மாமனார்: தணிக்கையில கண்ணுல பட்டதை மறைச்சு எனக்குப் பழக்கமில்லை. (குரலைத் தாழ்த்தி) ஆனா இனிமே அந்த ரெண்டு துண்டும் ஃப்ரிட்ஜ்ல வீணாப் போகுமே?

மருமகன்: மாமா, உங்களுக்கு உப்பு ஆகாது.

மாமனார்: ரெண்டா கேட்டேன்? ஒண்ணு. அதுலயும் ஒரு ஓரம். எனக்கும் அந்தப் பத்து சதவீதம்னு ஒண்ணு இருக்குமில்ல.

மருமகன்: (உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு) பத்தரைக்கா?

மாமனார்: பதினொண்ணு. இவன் தூங்கட்டும்.