வீட்டுச் சாவியும் அதில்தான் இருந்தது

போலீஸ் சார், சாவியில் ஏன் கை வைக்கிறீர்கள்? கை காட்டினீர்கள், ஓரம் கட்டிவிட்டேன். ஹெல்மெட் தலையில் இருக்கிறது. வண்டியை அணைக்க என் கை போவதற்குள் பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து சாவியைத் திருகி உருவிக்கொண்டு போகிறது. யார், எங்கே போகிறாய் என்று ஒரு கேள்வி இல்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் சாவி. டூவீலர் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

நேற்று ராத்திரி எட்டே முக்கால். பாலம் இறங்குகிற இடத்தில் போலீஸ்காரர்கள் வண்டிகளைச் சோதிக்கத் தடுப்பு போட்டிருந்தார்கள். என் கொத்தில் வண்டிச் சாவி மட்டும் இல்லை. வீட்டுச் சாவி, கேட் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே வளையத்தில்தான். அந்தக் கொத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு அந்தப் போலீஸ்காரர் அடுத்த வண்டியை நிறுத்தப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"சார், வீட்டுச் சாவியும் அதுலதான் இருக்கு சார். பாப்பா ட்யூஷன் முடிஞ்சு வந்துடுவா, வீடு பூட்டியிருக்கு."

"கூப்பிடும்போது வா. அங்க போய் நில்லு."

எனக்கு வயது நாற்பத்து மூன்று. அவருக்கு இருபத்தைந்து இருந்தால் அதிகம். போய் நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்? சாவி அவர் விரலில் ஆடிக்கொண்டிருக்கிறது. கைது என்று யாரும் சொல்லவில்லை, வழக்கு என்று யாரும் எழுதவில்லை. ஆனால் அந்த இடத்தை விட்டு ஒரு அடி நகர முடியாது. சாவியைப் பிடுங்குவது அதற்குத்தான். பேப்பரில் ஒரு எழுத்து இல்லாமல் ஒரு மனுஷனை ரோட்டில் கட்டிப்போட்டுவிடலாம்.

கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். லைசென்ஸைக் கொடுத்தேன். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் போனில், ஆவணங்களை வைக்கிற அரசு ஆப் டிஜிலாக்கரில் இருந்தன, திறந்து காட்டினேன். மின்னணு வடிவில் காட்டினால் போதும் என்று 2018-லேயே மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்திவிட்டார்கள். அப்படியும் "ஒரிஜினல் எங்க?" என்றார். சட்டத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் போன் என் கையில் இல்லை. ஆர்.சி. பார்க்க வாங்கிய போனில் அவர் கட்டைவிரல் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. என் மனைவி அனுப்பியது, என் அம்மா அனுப்பியது, கஸ்டமர்கள் அனுப்பிய ஒழுகும் குழாய் படங்கள், ஒன்று விடாமல் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். நான் எதிரில் நிற்கிறேன். என் சட்டையைக் கழற்றி ரோட்டில் நிறுத்திய மாதிரி இருந்தது.

2021-ல் ஹைதராபாத்தில் ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி, போனை வாங்கி, 'கஞ்சா' என்று தேடிப் பார்த்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதை யாரோ, எந்த ஊரோ என்று நானும்தான் பார்த்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு பாலத்துக்குக் கீழே வந்து சேரவில்லை.

அந்த நேரத்தில்தான் போன் அதிர்ந்தது. திரையில் 'எதிர்வீட்டு அக்கா'. பாப்பா வந்துவிட்டாள், கேட் பூட்டியிருக்கிறது, அக்காவிடம் போன் வாங்கிக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அம்மாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்.

"சார், என் பொண்ணு சார். ஒரு நிமிஷம் பேசிட்டுத் தந்துடுறேன்."

"பாத்துட்டுத் தரேன், இரு."

நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அடித்தபோது அவர் பக்கத்துப் பட்டனை அழுத்திச் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து தள்ளினார். ஏழாவது படிக்கிற பிள்ளையின் அழைப்பை நிறுத்துகிற உரிமையை எந்தப் பிரிவு கொடுத்தது? எனக்கு யாராவது சொல்லுங்கள்.

இன்னொருவர் பையைப் பிரித்தார். குடிதண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் என் தொழில். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டெஃப்லான் டேப், ஃபில்டர்கள், எல்லாம் சீட்டில் கொட்டப்பட்டன. சில உருண்டு ரோட்டோரம் போயின. உப்பு படியாமல் இருக்க மெஷினின் ஃபில்டர் கூட்டில் போடுகிற வெள்ளை உருண்டைகள் ஒரு கவரில் இருந்தன. எடுத்து மோந்து பார்த்து, டார்ச் அடித்து, "இது என்ன மாத்திரை?" என்றார். தண்ணி மெஷினுக்கு சார் என்று நான்கு தடவை சொன்னேன். அப்புறம் மெம்பரேன், மெஷினுக்குள் தண்ணீரை வடிகட்டுகிற பாகம். புதுசு, சீல் பிரிக்காதது, இன்று காலை ஒரு வீட்டில் மாட்ட வேண்டியது. "உள்ள என்ன?" என்று கேட்டுக்கொண்டே கவரைப் பல்லால் கிழித்தார். குடிக்கிற தண்ணீர் போகிற பொருள் அது. கழுவிய கையோடு கவரைப் பிரித்து நேராக மெஷினுக்குள் போட வேண்டியது. சீல் உடைந்ததை எந்த வீட்டில் கொண்டுபோய் மாட்டுவேன்? அந்தக் காசு என் கையிலிருந்துதான் போகிறது.

கடைசியில் டியூப் கட்டர். ப்ளாஸ்டிக் குழாயை வெட்டுகிற கருவி, அதன் ப்ளேடு கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். "கத்தி எதுக்கு வெச்சிருக்க? நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்க." எடுத்து ஜீப்பில் போட்டுவிட்டார். ரசீது கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், பதில் வரவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் சட்டத்தைத் தேடிப் படித்தேன். சீருடையில் இருக்கிற போலீஸ் கேட்டால் ஆவணம் காட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 130. சரி, காட்டினேன். ஆர்.சி. இல்லாமல், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் வண்டியையே பிடித்து வைக்கலாம் என்கிறது பிரிவு 207. இரண்டும் என்னிடம் இருந்தன. சாவியை உருவலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. பிரிவு 206-ஐப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. ஓட்டுநர் கம்பி நீட்டிவிடுவார் என்று நினைத்து லைசென்ஸை வாங்கி வைத்தால்கூட, அதற்கு ஒரு தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டுமாம். ஒரு அட்டைக்கே அந்த மரியாதை கொடுத்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்து வாங்கி, அத்தனையையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 105. வீடியோ எடுக்க போன் போதும் என்றும் எழுதியிருக்கிறது. போன் இருந்தது சார், என் போன்தான் உங்கள் கையில் இருந்தது.

கஞ்சா கடத்துகிறவனைப் பிடிக்கத்தான் இதெல்லாம் என்பார்கள். பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? சாவியை என் கையில் விட்டுவிட்டுக் கேளுங்கள். எடுத்தால் எழுதிக் கொடுங்கள். ஒரு துண்டுச் சீட்டு போதும்.

இன்று காலை வேலையை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "யார் வாங்கினது? பேர் என்ன?" என்று கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? பெயர்ப் பட்டைக்கு மேலே அந்தப் பளபளக்கிற ஜாக்கெட்டைப் போட்டு மூடிக்கொண்டுதானே நின்றார்கள்! என் பெயர், அப்பா பெயர், போன் நம்பர், நான் யாரோடு பேசுகிறேன் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்த மாதிரி எதுவும் வரவில்லையே, சாயங்காலம் வந்து பாருங்க என்றார்கள். சாயங்காலம் இன்னொருவர், இதே பதில். வெளியே வந்து புது கட்டர் வாங்கிக்கொண்டு போனேன்.

நேற்று நான் வீடு சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். அக்கா உள்ளே வரச் சொல்லியும் போகாமல், அப்பா வந்துடுவார் என்று பாப்பா கேட்டில் சாய்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஏம்பா கட் பண்ணிக்கிட்டே இருந்தே?" என்றாள்.